பணம் போனது தெரியும்... ஏன் போனது என்று தெரியுமா?

கதிர்காமத்தில், வழுதாவூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூடத்தில் அத்தை ஏலச்சீட்டு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, இந்த மாதம் யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று டிக் அடித்துக்கொண்டிருக்கிறார். எதிரே செல்போனும் கையுமாக அண்ணன் மகன். திடீரென்று போன் சிணுங்குகிறது.

"அத்தை, பாருங்க! பத்தாயிரம் பிட்காயின். எக்ஸ்சேஞ்சிலேர்ந்து வெளிய எடுத்திருக்காங்க. திமிங்கிலம் வாங்கி உள்ள வைக்குது. இனிமே ஏத்தம்தான். உங்க சீட்டுப் பணத்துல ஒரு லட்சம் குடுங்க, மூணு மாசத்துல திருப்பித் தரேன்."

அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "எடுத்தது யாரு கண்ணு?"

பையனிடம் பதில் இல்லை. "அது தெரியாது அத்தை. ஆனா எடுத்தது நிஜம். உலகமே பாக்கலாம்."

இந்த வீடு கற்பனைதான். ஆனால் இந்த உரையாடல் இன்று பல வீடுகளில் நடக்கிறது. பையன் சொன்னதில் பொய் இல்லை. எடுத்தது நிஜம், உலகமே பார்க்கலாம். அத்தை கேட்டதற்கு மட்டும் அங்கே விடை கிடைக்காது. பல பேருடைய பணம் தொலைவது இந்த இடைவெளியில்தான்.

ஊருக்கே திறந்த நோட்டு

பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. அதன் அடிப்படையான பிளாக்செயினை எல்லோர் கையிலும் நகல் இருக்கும் ஒரு சீட்டு நோட்டு என்று நினைத்துக்கொள்ளலாம். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் போனது என்பது அதில் பதிவாகும். பதிந்ததை யாரும் அழிக்க முடியாது. இணைய வசதி உள்ள யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

ஆனால் அத்தையின் நோட்டில் இருக்கும் இரண்டு விஷயங்கள் இதில் இல்லை. ஒன்று பெயர். இன்னொன்று காரணம். அத்தைக்கு, மூன்றாவது வரியில் இருப்பவர் மகள் கல்யாணத்துக்காகச் சீட்டு எடுத்தார் என்று தெரியும். ஏழாவது வரிக்காரர் ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டின் பாக்கியைக் கட்டினார் என்பதும் தெரியும். நோட்டை மட்டும் பார்க்கும் அந்நியருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பெரிய தொகை நகரும்போதெல்லாம் அறிவிப்பு அனுப்பும் 'வேல் அலர்ட்' போன்ற கணக்குகள் சமூக வலைதளங்களில் இருக்கின்றன. கதிர்காமத்துக்காரர்களுக்கு வேல் என்றதும் முருகன் நினைவுக்கு வரலாம். இது ஆங்கில வேல், திமிங்கிலம். பெரும் பணக்காரர்களுக்குச் சந்தையில் வைத்திருக்கும் பட்டப்பெயர். அந்த அறிவிப்பு தொகையைச் சொல்லும். அர்த்தத்தைப் படிப்பவர்தான் சேர்த்துக்கொள்கிறார்.

சில்லறையும் கணக்கில் வரும்

முதல் குழி மிக எளிமையானது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. 60 ரூபாய் மாத்திரைக்கு ஒருவர் 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். 440 ரூபாய் திரும்பி வருகிறது. தூரத்திலிருந்து நோட்டை மட்டும் பார்த்தவர், "ஐந்நூறு ரூபாய்க்கு மருந்து வாங்கினார், பெரிய வியாதி போலிருக்கிறது" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பிட்காயின் இப்படித்தான் இயங்குகிறது. ஒருவருக்கு ஒரே தவணையாக 10 பிட்காயின் வந்திருந்தால், அதில் 1 மட்டும் தனியாகக் கிள்ளிக் கொடுக்க முடியாது. பத்தையும் நீட்ட வேண்டும். 1 கடைக்காரருக்குப் போகும். மீதி, கட்டணம் போக, அவருக்கே திரும்பும். பெரும்பாலும் அவருடைய வேறொரு புது முகவரிக்குத் திரும்பும். பார்ப்பவர் கண்ணுக்கு 10 நகர்ந்தது, யாரோ புதியவருக்கு 9 கிடைத்தது. உண்மையில் கைமாறியது 1 மட்டும். எது விலை, எது சில்லறை என்று ஊகிக்க ஆய்வாளர்கள் சில விதிகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை ஊகங்கள்தான். எத்தீரியத்தில் இந்தச் சில்லறைச் சிக்கல் கிடையாது. அங்கே வேறு சிக்கல்கள் உண்டு.

பீரோ மாறினால் சொத்து விற்றதாகுமா?

இரண்டாவது குழி, இடமாற்றத்தை விற்பனை என்று நினைப்பது. அமெரிக்காவின் காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச் 2018 டிசம்பரில் தன்னிடமிருந்த நாணயங்களைப் பழைய பெட்டகத்திலிருந்து புதிய பெட்டகத்துக்கு மாற்றியது. அப்போது புழக்கத்தில் இருந்த பிட்காயினில் ஏறத்தாழ 5 சதவிகிதம் இப்படி நகர்ந்தது என்று அந்த நிறுவனமே பிறகு சொன்னது. பல காலம் அசையாமல் இருந்த நாணயங்கள் அசைந்தன. சங்கிலித் தரவில் அது பெரிய நிகழ்வு. ஆனால் ஒரு நாணயம்கூட விற்கப்படவில்லை. உரிமையாளரும் மாறவில்லை.

2024 மே 28 அன்று இதேபோல இன்னொன்று நடந்தது. டோக்கியோவில் 2014-ல் கவிழ்ந்துபோன மவுன்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சின் முகவரிகளிலிருந்து சுமார் 1.4 லட்சம் பிட்காயின்கள் நகர்ந்தன. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல் அசைவு. மதிப்பு 900 கோடி டாலருக்கும் மேல். 'கொட்டப்போகிறார்கள்' என்ற பயத்தில் விலை சறுக்கியது. பழைய வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு முன்னேற்பாடாக வாலட் மாற்றுகிறார்கள், விற்கவில்லை என்று அந்த எக்ஸ்சேஞ்சின் முன்னாள் தலைவர் விளக்கினார். திருப்பித் தருவது தொடங்கியது ஜூலையில்தான். அன்று பயந்து விற்றவர்கள் பார்த்த தரவு சரி. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் தவறு.

அண்ணன் மகன் பார்த்த பத்தாயிரத்துக்கும் இது பொருந்தும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போவது வாங்கிப் பூட்டுவதாகவும் இருக்கலாம். எக்ஸ்சேஞ்சே தன் இன்னொரு பெட்டகத்துக்கு மாற்றுவதாகவும் இருக்கலாம். அந்த முகவரிக்கு இன்னும் யாரும் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்குள் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் வாங்குவதும் விற்பதும் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் மட்டும்தான் பதிவாகும். சங்கிலியில் வராது. அன்றாட வியாபாரத்தின் பெரும்பகுதி ஊர் பார்க்கும் நோட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

பழைய காசைப் பார்த்ததும் பதற்றம்

2020 மே 20 அன்று, 2009 பிப்ரவரியில் உருவான 50 பிட்காயின்கள் முதல்முறையாக அசைந்தன. பிட்காயினை உருவாக்கியவர், சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர். அவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்று சந்தை பதறியது. விலை இறங்கியது. அந்த நாணயங்கள் சடோஷியுடையவை என்று கருதப்படும் பாணியோடு ஒத்துப்போகவில்லை என்று ஆய்வாளர்கள் பிறகு விளக்கினார்கள். ஆரம்ப நாள்களில் வேறு பலரும் பிட்காயின் எடுத்தார்கள். யாரோ ஒருவர் பழைய பெட்டியைத் திறந்திருக்கிறார். நாணயத்தின் வயது தெரிந்தது. அதை வைத்து ஆளின் பெயரையும் முடிவு செய்துவிட்டார்கள்.

தனக்குத் தானே விற்ற கதை

2021 அக்டோபர் 28 அன்று 'கிரிப்டோபங்க் 9998' என்ற டிஜிட்டல் படம் 53 கோடி டாலருக்கு விற்றதாகச் சங்கிலி சொன்னது. பதிவு நூறு சதவிகிதம் உண்மை. அவ்வளவு எத்தீரியமும் கைமாறியது, படமும் கைமாறியது. நடந்தது இதுதான்: படத்தின் சொந்தக்காரர் ஒரே பரிவர்த்தனைக்குள் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் தன் படத்தைத் தானே வாங்கி, விற்ற பணத்தில் கடனை அடைத்துவிட்டார். செலவு வெறும் கட்டணம்தான்.

ஏலத்தில் சொந்தக்காரரே ஆள் வைத்து விலை ஏற்றுவது நம் ஊருக்குப் புதிதல்ல. சங்கிலியில் அதற்கு ஆள்கூடத் தேவையில்லை. ஒருவர் ஒரே நாளில் ஆயிரம் முகவரிகள் உருவாக்கலாம். "எங்கள் நாணயத்தை ஒரு லட்சம் முகவரிகள் வைத்திருக்கின்றன" என்ற விளம்பரம் ஒரு லட்சம் மனிதர்களைக் குறிக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு எக்ஸ்சேஞ்சின் ஒரே முகவரிக்குப் பின்னால் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கலாம்.

கேட்காமல் வந்த பணம்

இதுவரை சொன்னவை காசு தொலையும் குழிகள். இது பெயர் கெடும் குழி.

2022 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 'டொர்னாடோ கேஷ்' என்ற கலவைச் சேவையைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. மறுநாளே யாரோ ஒருவர் அந்தச் சேவை வழியாக, தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் உள்ளிட்ட பிரபலங்களின் முகவரிகளுக்குத் தலா 0.1 எத்தீரியம் அனுப்பிவைத்தார். சங்கிலியில் வரும் பணத்தைத் தடுக்க முடியாது. கதவில்லாத வீடு அது. 'தடை செய்யப்பட்ட இடத்திலிருந்து இவருக்குப் பணம் வந்திருக்கிறது' என்ற வரி மட்டும் பதிவில் நிற்கும். வாங்கியவர் கேட்டாரா, அனுப்பியவரைத் தெரியுமா என்பது நிற்காது.

விசாரணை அமைப்புகள் பயன்படுத்தும் மென்பொருள்கள் மீதும் இந்தக் கேள்வி எழுந்தது. 'பிட்காயின் ஃபாக்' என்ற கலவைச் சேவையை நடத்தியதாக ஒருவர் மீது அமெரிக்காவில் நடந்த வழக்கில், முகவரிகளைக் குழுவாகச் சேர்த்துக்காட்டும் மென்பொருளின் பிழை விகிதம் என்ன என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதன் துல்லியத்துக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் தனக்குத் தெரியாது என்று அந்த மென்பொருள் நிறுவனத்தின் அதிகாரியே சாட்சியத்தில் சொன்னார். ஆனாலும் நீதிமன்றம் அந்தத் தரவை ஏற்றது. 2024 மார்ச்சில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். சங்கிலி தானாக ஆளைச் சுட்டிக்காட்டுவதில்லை, நடுவில் ஒரு ஊகம் இருக்கிறது என்பது நீதிமன்றப் பதிவிலேயே ஏறிவிட்டது.

இருப்பு தெரியும், கடன் தெரியாது

சீட்டுப் பிடிப்பவர் பீரோவைத் திறந்து பத்து லட்சத்தைக் காட்டுகிறார். மனம் நிம்மதியாகிறது. ஆனால் அவர் பதினைந்து லட்சம் தர வேண்டியிருந்தால்? அல்லது அந்தப் பத்து லட்சம் நேற்று ராத்திரி மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியதாக இருந்தால்?

2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்த பிறகு, மற்ற எக்ஸ்சேஞ்சுகள் தங்கள் வாலட் முகவரிகளை வெளியிட்டு, இருப்பைப் பாருங்கள் என்றன. அப்படிப் பார்த்தவர்கள் கண்ணில் ஒன்று பட்டது. அக்டோபரில் கிரிப்டோ டாட் காம் நிறுவனம் 3,20,000 எத்தீரியத்தை, அதாவது சுமார் 40 கோடி டாலரை, கேட் டாட் ஐஓ என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியிருந்தது. பிறகு அது திரும்பி வந்திருந்தது. தவறான முகவரிக்குப் போய்விட்டது, மீட்டுவிட்டோம் என்றார் அந்த நிறுவனத்தின் தலைவர். இருப்புக் காட்டுவதற்காக ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். தவறு நடந்திருந்தாலும் சங்கிலியில் இதே வரிகள்தான் இருக்கும். கடன் கொடுத்திருந்தாலும் இதே வரிகள்தான் இருக்கும்.

நம் நாட்டில், நம் நீதிமன்றத்தில்

வெளிநாட்டுக் கதைகள் போதும். வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சை வாங்கிவிட்டதாக பைனான்ஸ் 2019-ல் அறிவித்தது. 2022 ஆகஸ்டில் அமலாக்கத்துறை வாசிர்எக்ஸ் தொடர்பான 64.67 கோடி ரூபாயை முடக்கியபோது, அந்தக் கொள்முதல் முழுமையடையவே இல்லை என்றார் பைனான்ஸ் தலைவர். இல்லை, வாங்கியது அவர்கள்தான் என்றார் வாசிர்எக்ஸ் நிறுவனர். இருவரும் சமூக வலைதளத்தில் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். வாலட்டுகளில் இருந்த நாணயங்களை எல்லோரும் பார்க்க முடிந்தது. 'நிறுவனம் யாருடையது?' என்ற ஒரே கேள்விக்குச் சங்கிலியால் பதில் சொல்ல முடியவில்லை.

2024 ஜூலை 18 அன்று அதே வாசிர்எக்ஸின் ஒரு வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் திருடப்பட்டது. எந்த டோக்கன், எத்தனை, எந்த முகவரிக்குப் போனது என்று அன்றே உலகம் பார்த்தது. பின்னணியில் வட கொரியா இருப்பதாக 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா கூட்டாக அறிவித்தன. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நிறுவனத்தின் திட்டம்.

சென்னையைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர் அதை ஏற்கவில்லை. 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி நாணயம் வாங்கியிருந்தவர் அவர். திருடு போனவை எத்தீரியம் சார்ந்த டோக்கன்கள், என்னுடையது எக்ஸ்ஆர்பி, அதை ஏன் முடக்க வேண்டும் என்று கேட்டார். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயமும் ஒரு சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம்.

எது திருடு போனது என்பதைச் சங்கிலி காட்டியது. நஷ்டம் யார் தலையில் என்பதை ஒப்பந்தமும் சட்டமும்தான் பேசின.

அப்படியானால் நோட்டு வீணா?

இல்லவே இல்லை. 2016-ல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 1,19,754 பிட்காயின்கள் திருடப்பட்டன. ஆறு ஆண்டுகள் சங்கிலியைப் பின்தொடர்ந்த அமெரிக்க அதிகாரிகள், 2022 பிப்ரவரியில் 94,000-க்கும் மேற்பட்டவற்றை மீட்டு, நியூயார்க்கில் ஒரு தம்பதியைக் கைது செய்தார்கள். ஆனால் கடைசிப் பூட்டைத் திறந்தது சங்கிலி அல்ல. நீதிமன்ற அனுமதியோடு திறந்த ஒரு கிளவுட் கணக்கில், முகவரிகளும் சாவிகளும் எழுதிவைத்த கோப்பு ஒன்று கிடைத்தது. சங்கிலி வீட்டு வாசல்வரை கூட்டிப்போனது. உள்ளே இருப்பது யார் என்று சொன்னது வெளியில் கிடைத்த ஆதாரம்.

சீட்டுப் பணத்தை எடுப்பதற்கு முன்

2025 தொடக்கத்தில் புதுச்சேரி சைபர் கிரைம் போலீஸார் விசாரித்த கிரிப்டோ முதலீட்டு மோசடிப் புகார், ஓய்வுபெற்ற ஒருவர் கொடுத்தது. இப்படிப்பட்ட ஆசை காட்டுபவர்கள் மேடையையும் காட்டுவார்கள், சில சமயம் சங்கிலியையும் காட்டுவார்கள். ஆகவே, சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

* 'லிங்க்கைத் தட்டிப் பாருங்கள், வாலட்டில் எத்தனை கோடி' என்று காட்டினால், அந்த வாலட் காட்டுபவருடையது என்பதற்கு அது சாட்சி ஆகாது. யாருடைய முகவரியையும் யாரும் காட்டலாம்.
* பிரபலமான நாணயத்தின் அதே பெயரில் யாரும் போலி டோக்கன் உருவாக்கலாம். வாலட்டில் பெயர் தெரிகிறது என்பதற்காக அதற்கு விலை உண்டு என்று அர்த்தமில்லை.
* பெரிய தொகை நகர்ந்த செய்தி வந்தால் மூன்று கேள்விகள்: யார்? ஏன்? விற்பனையா, இடமாற்றமா? மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால் அது வெறும் செய்தி. முதலீட்டுக் காரணம் அல்ல.
* முன்பின் தெரியாதவருக்கு நேரடியாக நாணயம் விற்று வங்கிக் கணக்கில் பணம் வாங்கினால், அந்தப் பணம் ஏதாவது மோசடியிலிருந்து வந்ததாக இருந்து உங்கள் கணக்கே முடக்கப்படலாம். 'நான் விற்றேன்' என்று நிரூபிக்க ரசீது, உரையாடல், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.
* லாபத்துக்கு 30 சதவிகித வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.
* ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

அந்தக் கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். பையன் விடுவதாக இல்லை. "அத்தை, கண்ணு முன்னாடி பத்தாயிரம் போயிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அத்தை நோட்டை மூடி ரப்பர் பேண்ட் போடுகிறார்.

"பதினஞ்சு வருஷமா சீட்டுப் புடிக்கறேன் கண்ணு. யார் எடுக்கறாங்க, எதுக்கு எடுக்கறாங்கன்னு தெரியாம ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. இதுல யாருன்னும் தெரியல, எதுக்குன்னும் தெரியல. மொகந்தெரியாத ஆளுக்கு நான் எப்படி ஜாமீன் போடறது? உன் சம்பளத்துல மிச்சம் இருந்தா, போனாலும் பரவால்லன்னு தோணுற அளவுக்குப் போட்டுக்க. இது பாப்பாவோட காலேஜ் ஃபீஸு."